அஞ்சாவது மாடி ஜன்னல்

பாத்து வாங்க மேடம், இந்த மொதப் படி மட்டும் மத்ததவிட ஒசரம். புதுசா வர்ற எல்லாருக்கும் இங்கதான் கால் தட்டும். ஆங், கம்பியப் பிடிச்சுக்கங்க. கையில துரு ஒட்டும், பரவால்ல, ரெண்டாவது மாடியில குழாய் இருக்கு, கழுவிக்கலாம்.

என் காலப் பாத்துப் பயந்துராதீங்க. சின்னதுல காய்ச்சல் வந்து சூம்பிப் போனது. இருபத்தாறு வருஷமா லிப்ட் ஓட்டுறேன். ஸ்டூல்ல உக்காந்து கம்பிக் கதவ இழுத்துச் சாத்துறவனுக்குக் கால் எப்பிடி இருந்தா என்ன? சரி சரி, தெரியுது, அந்த லிப்ட்லயே போயிருக்கலாமேங்குறீங்க. போயிருக்கலாம். ஆனா நேத்து மீட்டிங்ல ஒரு கேள்வி கேட்டீங்களே, அதுக்குப் பதில் லிப்ட்ல இல்ல மேடம். இங்க இருக்கு. ஏழு மாடிதான், மெதுவா ஏறுவோம்.

நேத்து நல்லாத்தான் பேசுனீங்க. படமெல்லாம் ஓட விட்டு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து வேலை பாக்குற ஆபீஸ் எப்பிடி இருக்கும்னு காட்டுனீங்க. நாப்பது நாற்காலி காலியாக் கெடந்துச்சு. எங்காளுங்க பூரா செவுத்தோரமா நின்னுட்டே பாத்தாங்க, கவனிச்சீங்களா? உக்காருங்க உக்காருங்கன்னு நீங்க தொண்டத் தண்ணி வத்தக் கூப்பிட்டும் ஒருத்தர் அசையல. அப்புறம்தான் கேட்டீங்க, எல்லாரும் லிப்ட்ல போலாம்னு பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே உத்தரவு போட்டாச்சு, அப்பிடியிருந்தும் அந்த மனுஷன் ஏன் ரெண்டு வாளியத் தூக்கிக்கிட்டு இந்தப் படியில ஏறிச் செத்தாருன்னு.

கடைசியா அந்த ஸ்டோர் சூப்பர்வைசர்தான் எந்திரிச்சு, அது அவங்களுக்கே பழகிப்போச்சு மேடம், நாம சொன்னாலும் கேக்க மாட்டாங்கன்னாரு. நீங்க தலைய ஆட்டிக்கிட்டே எழுதுனீங்க. உங்க விசாரணை பாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல பழக்கம்னு எழுதுனீங்க. வாசல்கிட்ட நின்னு பாத்தேன். பென்சில்லதான எழுதுனீங்க? சரி, நல்லதாப் போச்சு.

செத்தவரு என் கூடப்பொறந்த அண்ணன்னு உங்க பேப்பர்லயே இருக்குமே. இருக்கா? அதான்.

இந்தா, ரெண்டாவது மாடி வந்துட்டோம். இந்தச் செவுத்தத் தடவிப் பாருங்க. அங்க இல்ல, கீழ, இடுப்புக்கு நேரா. குழியா ஒரு கோடு ஓடுதா? கீழேருந்து ஏழாவது மாடி வரைக்கும் போகும் அது. யாரும் செதுக்கல. வாளி ஒரசி ஒரசி விழுந்தது. எங்க தாத்தா காலத்துல குழாய் கெடையாது. குடிக்கிற தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாம் இப்பிடித்தான் மேல போகும். எறங்கும்போது மேல இருக்குறவங்க கழிவு கீழ வரும். அதே ஆளு, வேற வாளி.

அந்தக் காலத்து மொதலாளி வேலைக்காரங்களுக்கு ரெண்டு வரிசையா வீடு கட்டிக் குடுத்தாரு. பேனா பிடிக்கிறவங்களுக்கு முன்வரிசை. வாளி தூக்குறவங்களுக்குப் பின்வரிசை. வீட்டுல ஆரம்பிச்சது மேடம், அப்புறம் எல்லாத்துக்கும் வந்துருச்சு. முன்வரிசைப் புள்ளைக்கு எட்டாங்கிளாஸ் முடிஞ்சதும் ஆபீஸ்ல ஒரு மேஜை. பின்வரிசைப் புள்ளைக்கு அதே வயசுல ஒரு வாளி. எங்கப்பாவுக்கு எழுத்து மணி மணியா வரும். என்ன பிரயோஜனம்? எந்த வரிசைடான்னு கேட்டாங்க, சொன்னாரு, வாளியக் குடுத்துட்டாங்க. அன்னிக்கு மேஜை கெடச்சவன் பேரன்தான் நேத்து உங்களுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. நல்ல மனுஷன்தான், தப்பா சொல்லல. அவரு தாத்தா ஏறுன படி வேற, எங்க தாத்தா ஏறுன படி வேற, அவ்ளோதான்.

உக்காரணுமா? உக்காருங்க, பரவால்ல. எனக்கும் கொஞ்சம் வலிக்குது.

அப்புறம் லிப்ட் வந்துச்சு. அது பக்கத்துலயே ஒரு போர்டும் வந்துச்சு. பின்வரிசை ஆட்கள் படியை உபயோகிக்கவும். கேட்டா, வாளித் தண்ணி சிந்துமாம். நாத்தம் அடிக்குமாம். சரிய்யா, அஞ்சு வருஷத்துல குழாய் வந்துருச்சுல்ல, தண்ணி ஏறாத ஏழாவது மாடியத் தவிர வாளியே போயிருச்சுல்ல? போர்டு போகல. அப்புறம் ஒரு தடவ பெயிண்ட் அடிக்கும்போது போர்டயும் கழட்டிட்டாங்க. நாலு ஆணி ஓட்டைதான் இருக்கு இப்போ. அந்த ஓட்டையப் பாத்தே எங்காளுங்க திரும்பிப் போயிருவாங்க. சிரிக்கிறீங்களா? நானும் சிரிச்சிருக்கேன், லிப்டுக்குள்ள நின்னுக்கிட்டு.

இல்ல, பின்வரிசையிலேருந்து உள்ள போன மொத ஆளு நான்தான். ஒரே ஆளும் நான்தான். எப்பிடின்னா, பழைய ஆபரேட்டர் ஓய்வுல போனப்ப மேனேஜர் எங்கண்ணனக் கூப்பிட்டுருக்காரு. நீ ஒழுங்கா வர்ற, குடிக்க மாட்ட, கதவ சாத்தித் தெறக்குற வேலைதான், வர்றியான்னு கேட்டுருக்காரு. அண்ணன் என்ன சொல்லுச்சு தெரியுமா? அய்யா, எனக்குக் கால் நல்லா இருக்கு, நான் எங்கனாலும் ஏறிப் பொழச்சுக்குவேன், என் தம்பிக்குக் குடுங்கன்னுச்சு. ஒரு நாள் இல்ல, ஒம்போது நாள் அவரு ரூம் வாசல்ல நின்னு வாங்கிக் குடுத்துச்சு. மொத நாள் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வீட்டவிட்டுக் கெளம்புறேன், அண்ணன் பின்னாடியே வந்து காலர சரி பண்ணி விடுது. அண்ணிகிட்ட, பாரு, என் தம்பி ஆபீசராட்டம் இருக்கான்னுச்சு.

கொஞ்சம் இருங்க மேடம். ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. போலாம், போலாம்.

நாலாவது மாடி. திங்கக்கிழம அண்ணன் பொண்ணு வேலைக்கு வருது. செத்தவரு வேலைய அவரு புள்ளைக்குக் குடுப்பாங்கல்ல, அதான். பட்டப்படிப்புப் படிச்ச புள்ள, இருந்தாலும் கெடச்சிருக்கறது அப்பன் வேலைதான், ஏழாவது மாடி கழுவுறது. அதப் பத்தியும் எழுதுங்க, கட்டம் இருந்தா. முந்தாநாள் நான் அவங்க வீட்டுக்குப் போனேன். யூனிபாரத்த மடியில வெச்சுக்கிட்டு பட்டன் தைக்குது. நிமிந்து பாக்காமலே கேட்டுச்சு, சித்தப்பா, நான் எந்த வழியா வரணும்னு.

தண்ணி குடுன்னு கேட்டுக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கு நான் என்ன சொல்றது மேடம்? லிப்ட்ல வாம்மான்னு சொன்னா, அப்ப எங்கப்பா மட்டும் ஏன் வரலன்னு கேக்கும். படியில வான்னு எந்த வாயால சொல்றது?

வாங்க, இன்னும் பன்னெண்டு படி. எண்ணிட்டேன், அண்ணன் போனதுலேருந்து மூணு வாரமா தெனம் ஒரு தடவ ஏறுறேன். டாக்டர் திட்டுறாரு. திட்டட்டும்.

இதுதான் அஞ்சாவது மாடி. இந்தப் படிக்கட்டுலயே இங்க மட்டும்தான் ஜன்னல். அண்ணன் எப்பவும் வாளிய இங்க எறக்கி வெச்சுட்டு ஒரு நிமிஷம் வெளிய பாக்கும். அன்னிக்கும் எறக்கி வெச்சிருக்கு. ரெண்டு வாளியும் சிந்தாம அப்பிடியே இருந்துச்சுன்னு சொன்னாங்க. நெஞ்ச வலிக்கிறப்பவும் தண்ணி சிந்தக்கூடாதுன்னு பாத்து வெச்சிருக்கு பாருங்க. இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான் லிப்ட் மேடம். காத வெச்சுக் கேளுங்க, மாத்து ஆளு இருக்கான், கயிறு ஓடுற சத்தம் கேக்கும். அன்னிக்கு அந்த நேரத்துல நான் மேலயும் கீழயும் ஆறு தடவ போயிருக்கேன். அதுல நாலு தடவ காலி லிப்ட்.

அந்த உத்தரவு நகல்ல, பெற்றுக்கொண்டேன்னு கீழ ஒரு கிறுக்கல் இருக்கு, யாருதுன்னு தெரியலன்னு கேட்டீங்கள்ல? எடுங்க அத, என் கையெழுத்துதான். இப்ப இதையும் பாருங்க. கசங்கியிருக்கும், மன்னிச்சுக்கங்க, பதினோரு வருஷம் என் ஸ்டூல் மெத்தைக்கு அடியில இருந்தது. லிப்ட் வாசல்ல ஒட்டச் சொல்லிக் குடுத்த காகிதம் இதுதான். முன்வரிசை ஆளுங்க எல்லார் மேஜைக்கும் தனியா ஒரு நகல் போச்சு, ஒருத்தரும் மூச்சு விடல. பின்வரிசைக்குத் தெரியணும்னா இத ஒட்டணும். நான் ஒட்டல.

எதுக்கா? முன்வரிசைக்காரங்க என்னைய அண்ணேன்னு கூப்புட ஆரம்பிச்சிருந்தாங்க. ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகைகூட வெச்சாரு. எங்காளுங்க தொடப்பத்தோட உள்ள வந்தா மொகஞ்சுளிப்பாங்க, அப்புறம் என்னையும் அவங்களோட ஒருத்தனாத்தான் பாப்பாங்கன்னு ஒரு பயம். பயம்னு சொல்றது அழகுக்கு. பெருமதான் மேடம். பின்வரிசையில ஒருத்தன்தான் லிப்ட்ல போறான், அது நான்தான்ங்குற பெரும. நாளைக்கு ஒட்டலாம், நாளைக்கு ஒட்டலாம்னே போயிருச்சு. போர்டு வெச்சது யாரோ, ஆனா கடைசியா கதவ சாத்துனது நான்.

அண்ணன் ஒரே ஒரு தடவதான் கேட்டுச்சு. லிப்ட் வாசல்ல வந்து, அந்த ஆணி ஓட்டைகிட்ட நின்னுக்கிட்டு, ஏன்டா, நாமளும் இதுல போலாம்னு ஏதோ காகிதம் வந்திருக்காமே, நெசமான்னுச்சு. நான் ஸ்டூல்லதான் உக்காந்திருந்தேன். காகிதம் எனக்கு அடியில இருக்கு. அதெல்லாம் வெறும் பேச்சுண்ணேன்னேன். நாக்கு கூசல எனக்கு. அண்ணன் ஒரு செகண்ட் பாத்துச்சு. அப்புறம் சிரிச்சுட்டு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்டான்னு சொல்லிட்டு வாளியத் தூக்கிக்கிட்டுப் படிப்பக்கம் போயிருச்சு.

அழாதீங்க மேடம், நீங்க எதுக்கு அழுறீங்க. அந்தப் பாரத்த எடுங்க. பழக்கம்னு இருக்குல்ல, அத அழிச்சிருங்க. திங்கக்கிழம அந்தப் புள்ள வந்து படிச்சுப் பாக்கட்டும். தம்பின்னு எழுதுங்க. பென்சில் வேணாம், இந்தாங்க பேனா.