அரைச் சுற்று

காரில் முதலில் சாவது புகைக்குழாய்தான், ஐயா. எஞ்சின் ஒரு ஆயுள் ஓடும். குழாயை எங்கள் வாவிக்காற்று மூன்று மாரிக்குள் தின்றுவிடும். இரும்புக் கறல் உள்ளேயிருந்து வரும்; வெளியில் தெரியும்போது அப்பளம்போல் நொறுங்கும். அப்போதிக்கரி ஐயாவின் பழைய ஒஸ்டின் காருக்கும் அதுதான் நடந்தது. அதில் என் பிழை ஒன்றுமில்லை.

என் வாக்குமூலத்தை உங்கள் கிளாக்கர் எழுதட்டும். எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் நீங்கள் எதிரில் இருந்து கேட்கிறீர்கள். தேற்றாத்தீவில் இந்தக் கோணாமலை பேசி எவரும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

நான் லொறி ஓட்டியவன். பெண்சாதி செத்ததும் வீடு அவள் தங்கச்சி மகளுக்குப் போனது. அவர்களுடைய தாய்வீடு, நியாயம்தான். நான் ரோட்டோரம் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டேன். மணலில் குழி வெட்டி, சரியாமல் பலகை வைத்து, மேலே இரண்டு தென்னங்குற்றி போட்டேன். காரை அதில் ஏற்றினால் அடியில் நின்று வேலை செய்யலாம். கார் ஒன்றும் வரவில்லை. “கிழவன் தனக்குத்தான் வெட்டி வெச்சிரிக்கான்” என்று அயலவர்கள் சிரித்தார்கள். கல்லெடுத்து எறிந்தேன். அதன் பிறகு சிரிக்கவும் ஒருவரும் வரவில்லை.

அப்போதிக்கரி வினாயகமூர்த்தி ஐயா ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் வேலையிலிருந்து இளைப்பாறிக் கல்லடியில் இருந்தவர். ஒரு நாள் அந்தக் கார் படபடவென்று வெடித்துக்கொண்டு என் வளவுக்குள் வந்தது.

“உன்ட ஊர்ப் புள்ளைகள் என்னைக் கண்டு ஓடுதுகள், கோணாமலை. பேய் வருகுதாம்.”

“பேய்க்கு இவ்வளவு சத்தம் வராது, ஐயா” என்றேன்.

அவர் சிரித்தார். நான் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஓட்டையில் சுற்றி இறுக்கினேன். அவர் மரமுந்திரிகையின் கீழ் இருந்து தேத்தண்ணி குடித்தார், ஊர்க்கதை பேசினார், போனார். அடுத்த நாள் காலையிலும் நான் இரண்டு கோப்பை கழுவி வைத்தேன்.

மறுமுறை வந்தபோது ஒரு நட்டை அரைச் சுற்று குறைத்து விட்டேன். அரைச் சுற்றுத்தான். கொஞ்ச நாளில் சத்தம் வந்தது, அவரும் வந்தார். இப்படியே இரண்டு மாரி போனது. இதில் ஒருவருக்கும் கெடுதியில்லை.

பிறகு அவர் கொழும்பிலிருந்து ரயிலில் புதுக்குழாய் எடுப்பித்தார். முன்குழாய், சைலன்சர், பின்குழாய் எல்லாம் புதிது.

“இதைப் பூட்டினா என்ட தொல்லை உனக்கு முடிஞ்சுது. உன்ட தேத்தண்ணித் தொல்லை எனக்கும் முடிஞ்சுது” என்றார்.

பகிடிக்குச் சொன்னார். நானும் சிரித்தேன்.

பழைய நட்டுகள் கழல மறுத்தன. மண்ணெண்ணெயில் ஊற விட்டு, உளி வைத்து வெட்டி எடுத்தேன். புதுக்குழாயைத் தாங்க ஆள் வேண்டும். அப்போதிக்கரி ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, என் தோளோடு தோள் உரச நின்று பிடித்தார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. அப்படி ஒருவர் என் பக்கத்தில் நின்று நெடுங்காலம், ஐயா. அப்போதுதான் சொன்னார்.

“இந்தப் புகையில ஒரு நஞ்சிரிக்கு. மணமில்ல. முதல்ல தலையிடி, பொறகு நித்திரை, பொறகு ஒண்டுமில்ல. எஞ்சினோட முன்குழாய் சேருற மூட்டை நல்லா இறுக்கு.”

“ஓம் ஐயா, இறுக்கிறன்.”

இறுக்கவில்லை. ஆனால் புதுக்குழாயும் சத்தம் போட்டால் அவர் வேறு பட்டறைக்குத்தான் கொண்டுபோவார். அதனால் தளர்ந்த மூட்டில் கல்நார்க் கயிற்றைத் தொளதொளவென்று சுற்றி விட்டேன். சத்தம் வராது. புகை வரும். மூட்டு இருப்பது அவர் கால்வைக்கும் பலகைக்கு நேர் கீழே.

நன்றி சொல்ல ஒருமுறை வந்தார். இறங்கும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் பாய் விரித்து, மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன். பொழுது சாயும் வரைக்கும் உறங்கினார். காகம் கத்தி எழுப்பாமல் நான் பக்கத்தில் இருந்து கலைத்தேன். எழும்பியபோது தலை தெளிந்திருந்தது. இந்தக் கடற்காற்றுத்தான் தனக்கு மருந்து என்று அவரே முடிவுகட்டினார். அதன் பிறகு அடிக்கடி வந்தார். தலையிடி இல்லாத மனிதன் அவ்வளவு நேரம் இருப்பானா? “மூட்டைப் பார்த்தியா?” என்று ஒருமுறை கேட்டார். “கல்லுப்போல இரிக்கு, ஐயா” என்றேன். நம்பினார். மற்றவர்களை நான் அப்படி நம்பியதில்லை.

மார்கழியில் மழை கொட்டிய அன்று அவர் மனைவி அன்னப்பூரணி அம்மாவும் வந்தா. காரை விட்டு இறங்கவில்லை.

“இஞ்ச வாற நாளிலதான் இவருக்குத் தலையிடி. தேத்தண்ணியில நீ என்னத்தைக் கலக்கிறாய்?”

நான் தேத்தண்ணியில் ஒன்றும் கலக்கவில்லை. அந்தச் சொல் என்னைச் சுட்டது.

“இனி இவர் இந்தப் பக்கம் வரமாட்டார். இண்டையோட சரி” என்றா.

அப்போதிக்கரி ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

“கடைசியா ஒருக்கா அடியில பார்த்து விடுறன், ஐயா” என்றேன்.

குழிக்குள் மழைத்தண்ணி முழங்கால் வரைக்கும் நின்றது. கல்நார்க் கயிற்றை அவிழ்த்தேன். பின்குழாயின் வாய்க்குள் தேங்காய்த் தும்பைத் திணித்தேன், எஞ்சின் நிற்காத அளவுக்கு. பின்னால் வழியில்லாத புகை முன்னால் வரும். மேலே வந்து, பக்கம் திறந்த அந்தக் காரின் கன்வஸ் திரைகளைச் சுற்றிவர மாட்டினேன். சாரல் அடித்தது. அம்மாவின் பக்கத்தை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். நனையக்கூடாது.

மழை தகரம் தட்டுவதுபோல் இரைந்ததால் கயிறு அவிழ்ந்த மூட்டின் சத்தம் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

“போய்ட்டு வாறன், கோணாமலை” என்றார் அவர்.

வாறன் என்றார், ஐயா. போறன் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் நான் இரண்டு கோப்பையையும் கழுவி வைத்தேன். கல்லடிப் பாலத்துக்கு இப்பால், வாவிக்கரைப் புல்லுக்குள் கார் இறங்கி நிற்பதாகவும், இருவரும் உறங்குவதுபோல் இருப்பதாகவும் மறுநாள் சொன்னார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதது அவர்தான்.

ஓம், நான்தான் செய்தேன். இருவரையும். அதை எழுதுங்கள்.

கிளாக்கர் பேனாவை மூடுகிறார். நீங்களும் எழும்புகிறீர்கள். நான்கு நாளாக வந்தீர்கள், இந்த மரவாங்கில் இருந்தீர்கள், எனக்கும் தேத்தண்ணி எடுப்பித்தீர்கள். இன்று “முடிஞ்சுது, நான் போறன்” என்கிறீர்கள். எங்கள் பக்கம் அப்படிச் சொல்வதில்லை, ஐயா.

பெருவிரல் மையை இன்றைக்கு வைக்க மாட்டேன். சொன்னதில் ஓர் இடம் பிழை. எந்த இடம் என்று நாளைக்குச் சொல்கிறேன்.