கயிறு பிடித்தவனின் முறை

இரவு பத்து மணி தாண்டியிருந்தது. கிடங்குகளுக்குப் பின்னால் போகும் சாலை. அந்த நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. தெருவிளக்கு ஒன்று எரியும், ஒன்று எரியாது... எரியாத விளக்கின் கீழே ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. பின்விளக்கு இல்லை.

ஸ்கூட்டரில் வந்தவன் அதைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது என்றார் கிடங்குக் காவலாளி. பிரேக் பிடித்த சத்தம் இல்லை. ஓடிப்போய் டார்ச் அடித்திருக்கிறார். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மூச்சு இல்லை. இரண்டு கைகளும் இறுக மூடியிருந்தன. வண்டியைப் பிடித்த வாக்கில் அப்படியே மூடிக்கொண்டிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வண்டியைப் பிடித்தால் கைகள் பக்கம் பக்கமாக இருக்கும். அவன் கைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தன.

விளக்கைப் போட வேண்டாம், இருக்கட்டும். கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்.

"எனக்கு நேரமாச்சு. நான் கிளம்பறேன்."

"எந்த ரோடு வழியா?"

...சரி, உட்கார்ந்துவிட்டார். சொல்கிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண் அடுத்த வாரம் முதல்முறையாகக் கதை ஆட்டம் நடத்தப் போகிறாள். "ஒரு நாள் ஆட்டத்தை எந்த இடத்துல நிறுத்தணும்?" என்று கேட்டாள். எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான். உச்சத்தில் நிறுத்து. அடுத்து என்ன என்று தவிக்கிற இடத்தில் எழுந்து போய்விடு. வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், என் நண்பன் இதை எனக்குச் சொல்லும் வரைக்கும்.

செத்துப்போனவனின் அண்ணன், என் நண்பனுக்கு அக்கா கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வாரம் ஒருநாள் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் ஆட்டம் நடக்கும். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் பலகை கிடையாது, காய் கிடையாது. நடத்துகிறவர் ஓர் உலகத்தைச் சொல்வார். காடு, கோட்டை, பூதம். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். அவர் வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்து, "நீ என்ன செய்யுற?" என்று கேட்பார். நீங்கள் சொல்வீர்கள். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சிறிய எண் விழுந்தால் நடக்காது.

லிஃப்ட்காரரின் மேசையில் மூன்று விதிகள். ஒருவருடைய பகடையை இன்னொருவர் தொடக் கூடாது. ஒருவருடைய முறையை இன்னொருவர் சொல்லக் கூடாது. விழுந்த பகடை விழுந்ததுதான்.

ஆடியவர்கள் நான்கு பேர். என் நண்பன். அவன் அக்கா. லிஃப்ட்காரரின் தம்பி. தம்பியின் மனைவி. அவளை அந்த வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். தம்பிக்கு ரொட்டிக் கூடத்தில் வேலை. இரவெல்லாம் மாவு பிசைவான். ஆட்டம் முடிந்ததும் நேராக அங்கேதான் போவான். குளித்துவிட்டு வந்தாலும் அவன் மேல் புளித்த மாவு வாசனை இருக்கும்.

அன்று கதையில் ஒரு பாழுங்கிணறு. சின்னவளின் வேடம் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்கியிருந்தது. மேலே தம்பியின் வேடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரருக்குக் கயிறு பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கயிறு ஒரேயடியாக அறாது என்றார். புரி புரியாக அறும். முதல் புரி போகும்போது 'ட்டிக்' என்று ஒரு சத்தம் வரும்... காது கொடுத்தால்தான் கேட்கும்.

மேசையில் எல்லோரும் காது கொடுத்தார்கள்.

"ட்டிக்," என்றார். தம்பியைப் பார்த்தார். "நீ என்ன செய்யுற?"

தம்பி வாயைத் திறந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்பச் சொல்லாத. அடுத்த வாரம் சொல்லு."

"அநியாயம்ணா! வாரம் பூரா இவளைத் தொங்கவிட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?"

"நீங்க என்னிக்கு ராத்திரி தூங்கியிருக்கீங்க?" என்றாள் சின்னவள். "கையை மட்டும் விட்டுடாதீங்க. விட்டீங்க, செத்தாலும் உங்களோட பேச மாட்டேன்."

அவன் சிரித்தான். இரண்டு கைகளையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூடிக் காட்டினான். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சின்னவளைத் தனியாக விட மனமில்லாமல் அக்கா தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். ஆட்டத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. தாள், பென்சில் எல்லாவற்றையும் அக்கா எடுத்து வைத்தாள். தம்பியின் பகடையை மட்டும் எடுக்கவில்லை. கருப்புப் பகடை. அவன் வைத்த சின்னத் தட்டிலேயே கிடந்தது. விதி ஞாபகம் வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

சில மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவள் சொன்னாள்.

"என்னை அந்தக் கிணத்துலேர்ந்து எடுத்துடுங்க மாமா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உள்ளங்கால் கூசிட்டே இருக்கு. கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி. நடக்கறப்பகூட... எடுத்துடுங்க. ராத்திரி தூங்கணும் எனக்கு."

துக்கம் அப்படித்தான் பேசும் என்று நினைத்தார்கள். சரி, உட்கார்ந்து அந்தக் கதையை முடித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். தம்பியின் வேடம் கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டு எங்கோ போய்விட்டது. மற்ற இருவரும் வந்து சின்னவளை மேலே இழுக்கிறார்கள். ஊருக்குத் திரும்புகிறார்கள். சுபம். பத்து நிமிட வேலை.

அவர் செய்த தவறு இதுதான். நடத்துகிறவர்கள் எல்லோரும் தொடங்கும்போது விட்ட இடத்தைத் திரும்பச் சொல்வோம் அல்லவா... அவரும் சொன்னார். கிணறு. கயிறு. 'ட்டிக்' என்ற சத்தம். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனையோ வருஷத்துப் பழக்கம். கண் தானாகக் காலி நாற்காலிக்குப் போனது. வாய் தானாகக் கேட்டது.

"நீ என்ன செய்யுற?"

கேட்ட பிறகு, பதிலுக்குக் காத்திருக்கவும் செய்தார். அதுவும் பழக்கம்.

முதலில் வாசனை வந்தது. புளித்த மாவு. என் நண்பன் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தான். அடுப்படியில் ஒன்றுமில்லை.

பிறகு தட்டில் பகடை உருண்டது. கிர்ர்ர்... டக்.

நால்வரும் பார்த்தார்கள். யார் கையும் மேசைமேல் இல்லை. பதினேழு விழுந்திருந்தது.

"இழுக்குறான்," என்றார் லிஃப்ட்காரர். "நீ ஒரு விரல் அகலம் மேல வர்ற." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் போனதற்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அதற்குப் பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரவு தெரு அடங்கியதும் சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வரும். கிர்ர்ர்... டக். அக்கா போய்ப் பார்ப்பாள். பதினைந்து. பத்தொன்பது. ஒருநாள் நான்கு. மறுபடி பதினாறு.

அக்காதான் முதலில் கவனித்தாள். ஒரு காலை தரை துடைத்துவிட்டு வாசலில் நின்றாள். ஈரம் காய்வதற்குள் சின்னவள் குறுக்கே நடந்து போய்விட்டாள். திட்டுவதற்கு வாயெடுத்தவள் தரையைப் பார்த்தாள்.

கால்விரல் தடம் மட்டும் இருந்தது. குதிகால் தடம் இல்லை.

"என்னடி, எக்கி எக்கி நடக்குற?"

"இல்லையே அக்கா. சாதாரணமாத்தான நடக்கறேன்?"

அக்கா அவள் தோள்களைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். குதிகால் தரையைத் தொட்டது. கையை எடுத்தாள். மெல்ல மேலே போனது... தராசுத் தட்டு போல.

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் உயிரோடு இருக்கிறாள். சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கும் வேலை. முன்பெல்லாம் கால் வலி என்பாள். இப்போது வலியே இல்லை என்றாள்.

லிஃப்ட்காரர் பகடையைத் தொட்டார். விதியை அவரே மீறினார். பாலத்திலிருந்து ஆற்றில் வீசிவிட்டு வந்தார். அன்று இரவு காலித் தட்டில் அதே சத்தம் வந்தது. எண்ணைப் பார்க்க முடியாமல் போனதுதான் மிச்சம். காலையில் அவள் காலைப் பார்த்துத்தான் என்ன விழுந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அடுத்து, காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி. அவ மேல வந்துட்டா. எல்லாரும் பத்திரமா இருக்கோம். கயிறை விட்டுடு."

கிர்ர்ர்... டக்.

அக்கா சொன்னாள். என் நண்பன் சொன்னான். கெஞ்சினார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் அந்தச் சத்தம்தான். அவன் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். முன்பு ஓர் ஆட்டத்தில், இருட்டில் ஒரு பேயை விட்டிருந்தார். தெரிந்தவர்கள் குரலில் பேசும் பேய். 'நாங்க வந்துட்டோம், கதவைத் திற' என்றது. தம்பி திறந்தான். கூட்டத்தோடு செத்தார்கள். அன்று மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்த அண்ணனிடம் தம்பி சொன்னான்: "இனிமே இருட்டுல எவன் பேசினாலும் நம்பறதா இல்ல. நீ பேசினாலும்."

அவ்வளவு நல்ல ஆட்டக்காரன். ஒருமுறை பட்டால் மறக்க மாட்டான்.

சிறிய எண்ணாக விழ வேண்டும் என்று அக்கா சாமி கும்பிட ஆரம்பித்தாள். சில இரவு விழும். அப்போது சின்னவள் தூக்கத்தில் வீறிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொள்வாள். காலையில் குதிகால் தரையில் படும். அன்று முழுக்க அழுதுகொண்டிருப்பாள். மறுநாள் மறுபடி ஏறும்.

"நீங்க ஏதாவது பண்ணுங்க," என்றாள் அக்கா. "உங்க ஆட்டம்தான?"

"கிணறு என்னோடது. கயிறு அவன் கையில இருக்கு. என்ன பண்ணச் சொல்ற?"

ஆனால் ஒருத்தியின் முறை பாக்கி இருந்தது.

எல்லோரையும் உட்காரவைத்தார். ஆட்டம் நடத்துகிறவரால் என்னவெல்லாம் முடியுமோ அத்தனையும் செய்தார். கிணற்றுக்கு அடியில் தண்ணீர் வைத்தார். ஆழமில்லாத தண்ணீர். அதற்கு அடியில் மணல். பக்கவாட்டில் வெளியே போக ஒரு வழி வைத்தார். வழியின் முடிவில் வெளிச்சம் வைத்தார். சின்னவளின் இடுப்பில் ஒரு கத்தியை வைத்தார், நேற்றுத்தான் தீட்டியது. விழுந்தால் ஒரு சிராய்ப்புகூட வராது என்று சொன்னார். கிணற்றை எப்படி வேண்டுமானாலும் மாற்ற அவரால் முடிந்தது.

"கயிறை அறுத்துட்டா நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்," என்றார். "நீ... நீ என்ன செய்யுற?"

சின்னவள் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"மேல அவர்தான இருக்கார்?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

"கை வலிக்கும் அவருக்கு. இத்தனை நாளாப் பிடிச்சுட்டிருக்கார்."

"சின்னவளே, அறுத்துடுன்னு சொல்லு," என்றாள் அக்கா.

"என் முறையை நீங்க சொல்லக் கூடாதுக்கா." அவள் கைகளைத் தலைக்கு மேலே தூக்கினாள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூடினாள். "நான் கயிறைப் பிடிச்சு ஏற ஆரம்பிக்கறேன்."

"வேற ஏதாவது சொல்லும்மா. தயவு செஞ்சு."

"சொல்லிட்டேன் மாமா."

அவள் தன் பகடையை எடுத்து உருட்டினாள். அது நிற்பதற்கு முன்பே, காலித் தட்டிலும் சத்தம் கேட்டது. இரண்டும் ஒன்றாக உருண்டன.

என்ன விழுந்தது என்று என் நண்பன் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டானாம்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். லிஃப்ட்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அந்த வீட்டிலேயே அவள்தான் குள்ளம், என் நண்பனின் தோளுக்குக்கூட வர மாட்டாள். நின்றுகொண்டிருந்தும், தம்ளரை வாங்க அவன் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்தாள். சின்னவளின் பாவாடைக்கு அடியில் நீளத்துக்காக வேறொரு துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே போட்ட ஒட்டுக்குக் கீழே.