கம்ப்யூட்டர்காரன் சொத்தும் ஒரு மிளகு மூட்டையும்

சோளக்காடு சந்தையில் மிளகு எடை போட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா சின்ன மூட்டையோடு நின்றார். பக்கத்தில் ஒருவர் செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அந்த அம்மாவிடம் சொன்னார்.

“ஏனுங்கக்கா, நம்ம மலை மிளகு பூராத்தையும் ஒருத்தனே வாங்கலாமுங்க. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். அம்புட்டு சொத்து.”

“எத்தனை வருசத்து மிளகுங்க?”

“நீங்க, உங்க பேரன், அவனோட பேரன் பறிக்கிறது எல்லாஞ் சேர்த்துங்க. அப்பவும் அவன் பை இளைக்காது.”

“அத்தனையும் ரசம் வெச்சுக் குடிப்பானா?”

“குடிக்க மாட்டான். இன்னும் வேணும்பான்.”

“அப்படின்னா வயித்துல ஏதோ கோளாறு. மிளகுக் கசாயம் குடிக்கச் சொல்லுங்க. எனக்கு ஊடு ஒழுகுது. இந்த மூட்டை நல்ல எடைக்குப் போனாத்தான் மழைக்கு முன்னால தகரம் மாத்த முடியும்.”

அந்த அம்மாவின் முறை வந்தது. வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று ஒன்றைக் கடித்துப் பார்ப்பார்கள். மீதியைத் தங்கள் சாக்கில் போட்டுக்கொள்வார்கள். இங்கே அதுதான் வழக்கம். யாரும் கேட்பதில்லை.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதை என்ற மூட்டையிலயே போடுங்க.”

“ஒரு பிடிதானுங்கம்மா. இதுல என்ன வந்துரப் போகுது?”

“அந்தக் கம்ப்யூட்டர்காரனும் இப்படி ஆளுக்கு ஒரு பிடிதான் எடுத்திருப்பானுங்க. போடுங்க.”

வியாபாரி போட்டார். அடுத்து என் மூட்டை. அதில் இரண்டே மிளகுதான் எடுத்தார்.