ஆரும் படம் எடுக்காத இடங்கள்

— போனை உள்ளுக்கு வையும் நகுலா.

— நேரம் பாத்தனான். பதினொண்டே முக்கால்.

— நேரம் பாக்கிற ஆக்கள் போனை முகத்துக்கு நேர தூக்கிறேல்லை.

— சரி, பையுக்குள்ள போட்டுச் சிப்பும் இழுத்தாச்சு. இப்ப திரும்பி என்னைப் பாருங்கோ. மனுசியோட கதைக்கேக்க சுவரைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ றமணன்.

— சுவரைப் பாக்கத்தானே வந்தனாங்கள். லண்டன் டவருக்குப் பக்கத்தில இப்பிடியொண்டு இருக்கெண்டு இஞ்ச முப்பது வரியம் இருக்கிற எங்கட சனத்துக்கே தெரியாது. உலகச் சண்டைக்குள்ள குண்டு விழுந்து முறிஞ்ச சேர்ச். கூரை இல்லை. யன்னலுக்குள்ளால கொடி வளந்து கிடக்கு பாரும். திருத்திக் கட்டாமல் அப்பிடியே தோட்டமாக்கி விட்டிட்டாங்கள்.

— வடிவாத்தான் இருக்கு. ஆனா நான் வடிவு பாக்க வரேல்லை. ஹீத்ரோவில என்ரை ஷிப்டைக் கோசிகாவின்ரை தலையில கட்டிப்போட்டு வந்திருக்கிறன். நாளைக்குப் பன்ரண்டு மணிக்கு முன்னம் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற படம் லோயர் அம்மாவின்ரை கையில இருக்கவேணும். தெரியும்தானே?

— தெரியும்.

— நேற்றிரவு ஓம் எண்டு சொன்னியள்.

— நேற்றிரவு சொன்னனான்தான்.

— லோயர் மரியநாயகி அம்மா சொன்னதை நீங்கள் வடிவாக் கேக்கேல்லைப் போல. கலியாண சேட்டிபிக்கேற் இருக்கு, வாடகைக் கடிதம் ரெண்டு பேரின்ரை பேரிலயும் இருக்கு, எல்லாம் சரியாம். ஆனா அந்த விசாக் கந்தோரில இருக்கிறவை எத்தினை தமிழ்க் கலியாண அல்பம் பாத்திருப்பினம் எண்டு கேட்டா. ஒரு கையால தூக்கேலாத அல்பங்கள். பெட்டை பெரியபிள்ளையாகிற சாமத்திய வீட்டுக்கே ஹெலிகொப்டர் பிடிச்சுப் படம் எடுக்கிற சனம் நாங்கள். எங்கட பைலில மருந்துக்கும் ஒரு படம் இல்லை. இதைக் கலியாணம் எண்டு ஆர் நம்புவினம் எண்டு கேக்கிறா.

— வெஸ்ட் ஈலிங் கோயிலில ஐயர் நம்பித்தானே தாலி எடுத்துத் தந்தவர்.

— ஐயர் உங்களுக்கு ஏதோ நேர்த்திக்கடன் எண்டு நம்பினவர். வந்ததே பத்துப் பேர். பத்துப் பேரின்ரை போனையும் வாசலில வைச்சு வாங்கி ஒரு சீலைப் பையுக்குள்ள போட்ட மாப்பிளை உலகத்தில நீங்கள் ஒராள்தான். நானும் சிரிச்சுக்கொண்டு விட்டனான். வெக்கமாக்கும் எண்டு நினைச்சன்.

— வெக்கம் எண்டே வைச்சுக்கொள்ளும்.

— வைச்சுக்கொள்ள எனக்கு ஏலும். அவை வைச்சுக்கொள்ள மாட்டினம். ஏற்கெனவே ரெண்டு தரம் உங்களுக்கு விசா இல்லை எண்டு எழுதினவை. இதுதான் கடைசி எண்டு லோயர் அம்மா முகத்துக்கு நேர சொல்லிப்போட்டா. இதுவும் இல்லை எண்டால் பிளேனில ஏத்துவினம். அங்க உங்களுக்காகப் பூமாலையோட ஒருத்தரும் நிக்கமாட்டினம்.

— நகுலா, வாரும். நடவும்.

— என்னத்துக்கு? ஒரு படமும் எடுக்கேல்லையே.

— அங்க பாரும். வெள்ளைச் சட்டை, குடை, லைற்று. கலியாணப் படம் எடுக்க வந்திட்டினம். முந்தி ஒரு குருவியும் வராத இடம். இதையும் கண்டுபிடிச்சிட்டாங்கள்.

— ஆரோ ஒரு சீனப் பெட்டை. தன்ரை பாட்டில நிண்டு எடுத்துக்கொண்டு போகப் போறாள். எங்களை என்ன செய்யிறாள்?

— அவளின்ரை படத்துக்குப் பின்னால நீரும் நானும் நிப்பம். நடவும் எண்டுறன்.

— கொஞ்சம் மெதுவா நடவுங்கோ. சீலையோட உப்பிடி ஓட ஏலாது. றமணன்! சனம் பாக்குது, மெதுவா.

— மேல றோட்டுக்கு ஏறினாச் சரி. அங்கால ஒரு பூங்கா இருக்கு. சென்ட் போல்ஸுக்குப் பக்கத்தில. அங்க எடுப்பம்.

— அங்க எடுப்பம், அங்க எடுப்பம் எண்டு காலமையில இருந்து நடக்கிறம். கிரீனிச்சில ஆத்துக்குக் கீழால போற சுரங்கத்துக்குள்ள எடுப்பம் எண்டியள். அங்க வெளிச்சம் காணாது எண்டியள். இப்பதான் எனக்கு ஓடி விளங்குது. கலியாணம் கட்டி ரெண்டு வரியம். ஒரு நாள் என்னைப் பிக் பென்னுக்குக் கூட்டிக்கொண்டு போனீங்களோ? ஆத்தங்கரையில சுத்திற அந்தப் பெரிய ராட்டினச் சில்லுக்கு? அரண்மனைக்கு?

— அதையெல்லாம் எல்லாரும் பாக்கினம்தானே.

— அப்பிடித்தான் நானும் நினைச்சன். நிலத்துக்குக் கீழ கிடக்கிற ரோமன்காரரின்ரை அரங்கைக் காட்டினியள். முறிஞ்ச சேர்ச் காட்டினியள். டோட்முண்டில இருக்கிற அக்காவுக்கு, என்ரை மனுசன் லண்டனை உள்ளங்கையில வைச்சிருக்கிறார் எண்டு பெருமை அடிச்சன். நீங்கள் எனக்கு இடம் காட்டேல்லை. கமரா வராத இடமாப் பாத்து ஒளிச்சுத் திரிஞ்சிருக்கிறியள், பின்னால நானும் திரிஞ்சிருக்கிறன்.

— ஓம்.

— ஓம் எண்டு சுகமாச் சொல்லுறியள்.

— பொய் சொல்லட்டே? வந்த புதுசில சுப்பிரமணியன் அண்ணை டூட்டிங்கில இருந்து ரயிலேத்தி வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ஆரோ ஒரு பெட்டை தன்னைத்தானே படம் எடுத்தாள். நாங்கள் பின்னால நிண்டிட்டம். அதை அழியுங்கோ எண்டு கேட்டுப் பாலம் முடியுமட்டும் அவளுக்குப் பின்னால போனன். இங்கிலீசும் தெரியாது. பொலிஸ் வந்திட்டுது. அண்டைக்குப் பிறகு அந்தப் பக்கம் போறேல்லை. ஞாயிற்றுக்கிழமையளில தனிய நடந்து நடந்துதான் இந்த இடங்கள் எல்லாம் கண்டது.

— பொலிஸ் எண்டவுடன நினைவு வருது. இந்த ஊரில கம்பத்துக்குக் கம்பம் கவுன்சில் கமரா. காலமையில இருந்து உங்களை ஒரு இருநூறு கமரா எடுத்திருக்கும். பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தனீங்கள். லைசன்சில உங்கட முகம் இருக்கு. அதுக்கெல்லாம் பயமில்லையோ?

— அதில நான் தனிய இருக்கிறன்.

— தனிய எண்டால்?

— தனிய எண்டால் தனியத்தான். என்னை எடுக்கிறதில எனக்கு ஒண்டும் இல்லை. பக்கத்தில ஆரும் நிக்கக்கூடாது. விளங்குதோ?

— விளங்கேல்லை.

— விளங்காட்டி விடும். இந்தா, இதால உள்ளுக்கு வாரும்.

— சின்னப் பூங்காவா இருக்கு. அந்தக் கூரைக்குக் கீழ, சுவரில என்ன எழுதியிருக்கு?

— அதுதான் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தனான். எல்லாம் ஓடு. ஓட்டில பேர் எழுதிப் பதிச்சிருக்கினம். பெரிய ஆக்கள் இல்லை. ரயிலில வேலை செய்தவன், வீட்டு வேலைக்காரப் பெட்டை, கப்பலில நிண்டவன். மற்றவையைக் காப்பாத்தப் போய்ச் செத்த ஆக்கள். இந்தப் பெட்டை நெருப்புப் பிடிச்ச வீட்டில இருந்து மூண்டு பிள்ளையளை எடுத்தவள். முகம் ஒருத்தருக்கும் இல்லை. பேரும், செய்ததும் மட்டும்தான்.

— நீங்கள் இஞ்ச எத்தினை தரம் வந்திருக்கிறியள்?

— எண்ணேல்லை.

— மன்னிச்சுக்கோங்க, தமிழ்ப் பேச்சு கேட்டுச்சு. அதான் எழுந்து வந்தேன். நான் லக்ஷ்மிப்ரியா, கோயமுத்தூர். பக்கத்துலதான் ஆபீஸ், லஞ்சுக்கு இங்கே வந்து உக்காருவேன். நீங்க சிலோன்தானே?

— ஓம் தங்கச்சி, யாழ்ப்பாணம். நல்லதாப் போச்சு. ஒரு உதவி செய்வீங்களோ? இந்தாங்கோ என்ரை போன். எங்களை ஒரு படம் எடுத்துத் தாங்கோ.

— நகுலா, வேண்டாம்.

— எடுத்துத் தர்றேங்க, அதுக்கென்ன. சார், நீங்க கொஞ்சம் அக்கா பக்கம் நகருங்க. அக்கா, அவர் கையைப் பிடிச்சுக்கோங்க. ஆமா, அப்படியே. எடுத்துட்டேன். நல்லா வந்திருக்கு, இன்னொண்ணு... சார், என்ன சார் பண்றீங்க? கையை விடுங்க.

— போனைத் தாரும்.

— இஞ்சருங்கோ, அவவின்ரை கையை விடுங்கோ. கடவுளே, நகம் கீறிப்போட்டுது. தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளும். இவருக்குக் கொஞ்சம் சுகமில்லை.

— பரவாயில்லைங்க. லஞ்ச் டைமும் முடிஞ்சிடுச்சு. நான் கிளம்புறேன். அக்கா, நீங்க பத்திரமா இருக்கீங்கதானே?

— ஓம் ஓம், நான் நல்லா இருக்கிறன். இவர் அப்பிடியான ஆள் இல்லை. நீங்கள் போங்கோ.

...

— அவள் என்னை என்னெண்டு நினைச்சுக்கொண்டு போறாள் தெரியுமோ? மனுசனிட்ட அடி வாங்கிற பொம்பிளை எண்டு. போனைத் தாங்கோ.

— அழிச்சுப்போட்டுத் தாறன்.

— அழிச்சீங்கள் எண்டால் நான் நாளைக்கு லோயரிட்டப் போகமாட்டன். சத்தியமாப் போகமாட்டன். உங்கட பிளேனுக்கு நீங்களே பெட்டியைக் கட்டுங்கோ. எனக்கும் ஒரு அளவு இருக்கு றமணன். நான் உங்களைக் களவாக் கட்டேல்லை. எனக்குப் பக்கத்தில நிக்க உங்களுக்கு என்ன கேவலம்?

— கேவலம் இல்லை.

— பேந்து என்ன?

— எனக்குப் பக்கத்தில நிண்டவனைப் பிடிச்சவங்கள்.

— ஆரை?

— இரும். அந்த மர வாங்கில இரும், சொல்லுறன். போன் என்ரை கையிலயே இருக்கட்டும். அழிக்கமாட்டன்.

— சொல்லுங்கோ.

— பள்ளிக்கூட வொலிபோல் ரீம். கோப்பை வெண்ட அண்டு எடுத்த படம். ஊரில சண்டை முடிஞ்சு எங்களை முகாமில வைச்சிருக்கேக்க, அந்தப் படம் எப்பிடியோ ஆமிக்காரரிட்டப் போயிட்டுது. ஒரு ஒபிசர் என்னைக் கூப்பிட்டுப் படத்தை மேசையில வைச்சான். என்ரை முகத்தில விரலை வைச்சு, இது நீதானே எண்டான். ஓம் சேர் எண்டன். விரலைக் கொஞ்சம் தள்ளி வைச்சான். பக்கத்தில நிக்கிறது ஆர் எண்டு கேட்டான்.

— அடிச்சவங்களோ?

— இல்லை. அதுதான் நகுலா. ஒரு அடியும் விழேல்லை. பால் தேத்தண்ணி தந்தவங்கள். கீர்த்தனன் எண்டு நானாத்தான் சொன்னன். அவன் கப்பல் ஏறிப் போயிட்டான் எண்டு எல்லாரும் கதைச்சது. அப்ப எங்களுக்குள்ள அது ஒரு பழக்கம். கேட்டால், வெளியில போனவன்ரை பேர், இல்லாட்டிச் செத்தவன்ரை பேரைக் குடுக்கிறது. உள்ளுக்கு இருக்கிறவன் தப்புவான், போனவனுக்கும் ஒண்டும் வராது. கெட்டித்தனம் செய்தன் எண்டு நினைச்சுக்கொண்டு தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சன்.

— அவன் போகேல்லையோ?

— மூண்டு கூடாரம் தள்ளி இருந்தவன். வேற பேரில பதிஞ்சு, தாடி வளத்து. விடியத் தண்ணிக்கு லைனில நிக்கேக்க வந்து கூட்டிக்கொண்டு போனவங்கள். என்னைத் தாண்டித்தான் போனவன். அப்பதான் அவன் உள்ளுக்கு இருக்கிறதே எனக்குத் தெரியும். என்னைக் கண்டு சிரிச்சவன். ஆர் சொன்னதெண்டு அவனுக்குத் தெரியாது.

— பிறகு?

— பிறகு இல்லை. ஒருத்தரும் காணேல்லை. தாய் மனுசி இண்டைக்கும் றோட்டுக்கரையில கொட்டில் போட்டுக்கொண்டு, காணாமல் போன மற்றப் பிள்ளையளின்ரை தாய்மாரோட இருக்கிறா. கையில படம். ஒருக்கா நியூசில காட்டினவங்கள். அதே வொலிபோல் படம், நகுலா. என்னை வெட்டிப்போட்டு அவனை மட்டும் பெருப்பிச்சிருக்கு. அவன்ரை தோளில என்ரை கை கிடக்கு. அந்த மனுசி அதையும் சேர்த்துத்தான் பிடிச்சுக்கொண்டிருக்குது.

— இஞ்ச வாங்கோ. கிட்ட வாங்கோ. லோயர் அம்மாவுக்கு இதைச் சொன்னீங்களோ?

— காட்டிக் குடுத்தவன் எண்டு என்ரை வாயாலயே சொல்லி அதைப் பைலிலயும் எழுதச் சொல்லுறீரோ?

— அழாதேங்கோ. அழுதால் அழுங்கோ, எனக்கென்ன, நானும் அழுறன். ஆனா ஒண்டு சொல்லுறன், கேக்கவேணும். புதன்கிழமை உங்களுக்கு இன்ரவியூ. அங்கயும் ஒரு மேசை இருக்கும். அங்கயும் படத்தை வைச்சு, பக்கத்தில நிக்கிறது ஆர் எண்டுதான் கேப்பினம். மரியநாயகி அம்மா அப்பிடித்தான் சொன்னவ.

— தெரியும். சொன்ன நாளில இருந்து நான் நித்திரை கொள்ளேல்லை.

— ஆனா இஞ்ச என்ரை பேரைச் சொன்னால் என்னை ஒருத்தரும் பிடிக்கமாட்டினம். நீங்கள் சொல்லாட்டித்தான் எங்கள் ரெண்டு பேரையும் பிரிப்பினம். பேரைச் சொல்லுறதுதான் இந்த முறை காப்பாத்தும். நான் சொல்லுறது விளங்குதோ?

— மூளைக்கு விளங்குது.

— அது காணும். ஒருக்காச் சொல்லிப் பாப்பம். நான்தான் ஒபிசர். போனை இஞ்ச தாங்கோ. அந்தத் தங்கச்சி எடுத்த படத்தை இந்த வாங்கில வைக்கிறன். நல்ல படம் றமணன், பாருங்கோ. என்ரை கையை எப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கிறியள் எண்டு பாருங்கோ.

— நகுலா, இண்டைக்கு வேண்டாம்.

— இண்டைக்குச் சொன்னால்தான் புதன்கிழமை வாயில வரும். இது நீங்கள்தானே?

— ஓம்.

— அவ்வளவுதான். இப்ப விரலைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறன். உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறது ஆர்?

— விரலை எடும் நகுலா.

— நகுலேஸ்வரி, என்ரை மனுசி. அவ்வளவும்தான் சொல்லவேணும். நான் உங்களுக்குப் பக்கத்திலதானே இருக்கிறன், என்ன பயம்? திருப்பிக் கேக்கிறன். இந்தப் படத்தில பக்கத்தில நிக்கிறது ஆர்?

— தெரியாது சேர். இவவை நான் ஒருநாளும் கண்டதில்லை.