பதினோராவது கையெழுத்து

உங்கள் மை கொஞ்சம் நீர்த்திருக்கிறது, மாஜிஸ்திரேட் அய்யா. குறையாகச் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் நல்ல மைத்தூள் கிடைப்பதில்லை. லப்பைக்குடிக்காட்டு வியாபாரிகளிடம் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. என் வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன், ஒப்புக்கொண்டீர்கள். அதற்கு நன்றி. பத்தொன்பது வயதிலிருந்து அரியலூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். இன்னொருவன் கோத்த வாக்கியத்துக்கு அடியில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

முதலில் ஒரு விஷயம். பத்திரத்தில் இரண்டு இடம் உண்டு. எழுதிக் கொடுத்தவன் என்று ஓர் இடம், எழுதியவன் என்று ஓர் இடம். நிலத்தை விற்கிறவன் எழுதிக் கொடுத்தவன். பத்திரம் கட்டுப்படுத்துவது அவனைத்தான். அவன் சொல்வதைத் தாளில் இறக்குகிற என்னைப் போன்றவன் எழுதியவன். அவனுக்கு அதில் நிலமும் இல்லை, வில்லங்கமும் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர். இவ்வளவும் அதனால் வந்ததுதான்.

எங்கள் வாலிபர் சங்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கால்பந்து இருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 1926இல் திருச்சியிலிருந்து வந்த வெள்ளைக்கார அணியை எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு கோலில் ஜெயித்த பந்து. அதில் பதினொரு பெயர்கள். என் பெயரும் ஒன்று. பந்துக்குப் பொறுப்பாளியும் நான்தான். ஒவ்வொரு வருஷமும் ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பு வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கெண்ணெய் தடவி, மங்கிய எழுத்துகளுக்கு மை ஏற்றிக் கொண்டுவந்து வைப்பேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை.

அந்தப் பந்து எனக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால், மரியாதை என்று சொல்வேன். என் மாமனார் மாப்பிள்ளை பார்க்க வந்தபோது வீட்டைப் பார்க்கவில்லை, சங்கத்துக்குப் போய்ப் பந்தைப் பார்த்துவிட்டு வந்து, பெண் தருகிறேன் என்றார். என் மனைவி கமலவேணி இன்றைக்கும் யாராவது விருந்தாளி வந்தால், “வெள்ளைக்காரன ஓட வுட்டவங்க” என்றுதான் என்னைக் காட்டுவாள். எந்தப் பந்தயம் நடந்தாலும் முதல் உதை என்னுடையதுதான். இருபது வருஷம் இப்படி வாழ்ந்தேன்.

இந்த வருஷம் எங்கள் புதுப் பையன்கள் தாலுகாக் கோப்பையை ஜெயித்தார்கள். சங்கத் தலைவர் தங்கசாமி பெரம்பலூர்க்காரர். அரிசி மில் வைக்க இங்கே வந்து பத்து வருஷம்தான் ஆகிறது. நல்ல மனிதர், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார். பையன்களைப் பாராட்டிய கூட்டத்தில் அவர் ஆரம்பித்தார்.

“பந்துல இன்னும் எம்மாம் எடம் சும்மா கெடக்குது, நல்லுசாமி. புள்ளைங்களும் அதுலயே ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போவட்டுமே.”

“எடம் கெடக்குதுன்னு அடுத்தவன் பத்திரத்துல நாம கையெழுத்து போட முடியுங்களா?” என்றேன். முடிந்த பத்திரத்தில் பிற்பாடு ஒரு புள்ளி வைத்தாலும் மொத்தப் பத்திரமும் சந்தேகமாகிவிடும் என்று எடுத்துச் சொன்னேன். இன்று போடுகிற கையெழுத்து இன்றைய கையெழுத்து. அதை அன்றைய பந்தில் போட்டால், அன்றைக்கு ஆடாதவன் ஆடினதாக ஆகிவிடும். பையன்களுக்கு வேறு பந்து வாங்கித் தரலாம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் பேசியது நியாயம்தான். இப்போதும் அதில் ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன்.

ஐப்பசி பிறந்து பத்து நாளில் அங்கமுத்து வந்து சேர்ந்தான்.

அவன் யாரென்று சொல்ல வேண்டும். 1926இல் எங்கள் அணிக்குத் தண்ணீர்க் குடம் சுமந்தவன். பண்ணை வேலை செய்யும் குடும்பம். பந்தயத்தன்று காலை எனக்கு வயிறு சரியில்லை. வலது ஓரத்தில் ஆட வேண்டியவன் நான். வேறு ஆள் கிடைக்காமல் அவனை இறக்கினார்கள். வெறுங்காலோடு ஆடினான். அந்த ஒரு கோல் அவன் போட்டது.

பந்தயம் முடிந்து எல்லோரும் பேனாவை வாங்கிப் பந்தில் பெயர் எழுதினார்கள். அவன் தற்குறி. கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவன் கையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. ஏனென்று உங்களுக்குத் தெரியும். அப்போதுதான் நான் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். கைரேகை எடுக்கிற மை டப்பி பையிலேயே இருந்தது. எண்ணெயில் குழைத்த மை, லேசில் போகாது. அவன் விரலைப் பிடித்து அழுத்தி எடுத்தேன். பத்திரத்தில் எழுதுவது போலவே அதைச் சுற்றி எழுதினேன்: அங்கமுத்து கைநாட்டு, எழுதியவன் நல்லுசாமி.

என் பெயர் பந்தில் ஏறியது இப்படித்தான். நான் ஆடினேன் என்று எவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் ஆடினீர்களா என்று எவரும் கேட்டதுமில்லை.

அங்கமுத்து நாலாம் வருஷமே கொழும்புக்குப் போய்விட்டான், அங்கிருந்து பட்டாளம். மற்றவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் ரங்கூன், பினாங்கு என்று சிதறினார்கள். வேடிக்கை பார்த்த ஊருக்கு ஜெயித்தது ஞாபகம் இருந்தது; யார் ஆடினார்கள் என்பதற்குப் பந்தைத்தான் பார்த்துக்கொண்டது. நான் வருஷாவருஷம் மை ஏற்றினேன். எதையும் அழித்ததில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலதைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். ‘அங்கமுத்து கைநாட்டு’ மங்கியது. ‘எழுதியவன்’ மங்கியது. என் பெயர் மட்டும் கொஞ்சம் தடித்து, ரேகையின் மேல் ஏறிக்கொண்டது. எண்ணிப் பார்த்தால் பெயர் பதினொன்று சரியாக இருந்தது.

வந்த அன்றைக்கே சங்கத்துக்கு வந்தான். காக்கி அரைக்கால் சட்டை, பர்மாக் காய்ச்சலில் உருகிப்போன உடம்பு. முன்பெல்லாம் என்னைச் சின்னய்யா என்பான். பட்டாளம் என்னை ‘சார்’ ஆக்கியிருந்தது. “சார், எனக்குப் படிக்கக் கத்துக் குடுத்துட்டாங்க” என்றான், பல்லெல்லாம் தெரிய. தங்கசாமி பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். அவன் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எழுத்துக் கூட்டினான். பதினோராவது இடத்துக்கு வந்தான். ந, ல், லு என்று படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான்.

“நம்ம ரேகை தேஞ்சு போச்சுங்க சார். நீங்க எழுதுனது மட்டும் நிக்குது. இப்ப நானே கையெழுத்துப் போடுவேன். அந்த எடத்துல போட்டுக்கலாங்களா?”

தங்கசாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பழைய ஆளு புதுக் கையெழுத்து! போடச் சொல்லு நல்லுசாமி, இதுல என்னா தப்பு?” என்றவர், பெயர்களை எண்ணிவிட்டு, “அப்ப என்னா, பன்னண்டு பேரா ஆடுனீங்க?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அங்கமுத்து வாயைத் திறந்தான். ஆண்டுக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று நான் பெட்டியை மூடினேன்.

சாலையில் என் கூடவே நடந்து வந்தான். கூட்டத்தில் என்ன பேசப் போகிறான் என்பதை ஒத்திகை பார்ப்பது போல என்னிடமே சொன்னான்.

“எல்லாருக்கும் மின்னாடி சொல்லணும் சார். அன்னிக்கு நீங்க ஆடல. வவுத்து வலியோட ஓரமா ஒக்காந்திருந்தீங்க. அப்பவும் எந்திரிச்சு வந்து, ஒருத்தனும் தொடாத என் கையைப் புடிச்சு ரேகை வச்சீங்க. இருவது வருசமா இத நெனைக்காத நாளு இல்ல.”

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவன் நினைத்தான். அதுதான் தொல்லை. எனக்கு அப்போது நெஞ்சு எரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன். நான் பிடித்த கை அது. அவனுக்கு அந்தப் பந்தில் ஒரு பெயர் இருந்ததே என்னால்தான். அதே வாயால் ஊர் நடுவில் என்னை ஒன்றுமில்லாதவனாக்கப் பார்த்தான், அதுவும் நன்றி என்று பெயர் வைத்து. துரோகம் என்பதற்கு வேறு வார்த்தை இருந்தால் சொல்லுங்கள். அதைப் பேச வேண்டாமடா என்று இரண்டு தரம் சொன்னேன். “உங்களுக்கு எப்பவும் அடக்கந்தான் சார்” என்றான்.

கூட்டத்துக்கு முதல் நாள் பகலில், வழக்கம்போலப் பந்தை எடுத்துக்கொண்டு என் கொல்லைக்குப் போனேன். துடைக்க ஒத்தாசைக்கு வா என்று அவனையும் அழைத்தேன். கிணறு ஆழம். படி கிடையாது, கருங்கல் கட்டு, பாசி. மழைக்கு இரண்டு ஆள் மட்டம் தண்ணீர் நின்றது. பந்தைக் கிணற்றுச் சுவர் மேல் வைத்தேன். அது உருண்டது. உருண்டதா, உருட்டினாயா என்று கேட்பீர்கள். அந்தச் சுவர் சரிவு என்று எனக்குத் தெரியும்.

அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. “அய்யய்யோ, எழுத்து போயிடும் சார்” என்று தூணில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டான். நான் தள்ளவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை. கீழே ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்று நுனியைப் பந்தில் சுற்றி முடிச்சுப் போட்டான்.

“பந்த மொதல்ல ஏத்திடுங்க. நான் இருக்கறேன்.”

ஏற்றினேன். கயிற்றைச் சுருட்டி வைத்தேன். வேம்படியில் உட்கார்ந்து வேட்டி முனையால் பந்தைத் துடைத்தேன்.

“சார், கயிறு” என்றான். சத்தமாகக்கூட இல்லை, நான் பந்தைக் காயவைக்கிறேன் என்று நினைத்திருப்பான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சார் என்றான். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது சார் என்று கூப்பிடவில்லை. சின்னய்யா என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவன் கூப்பிடவில்லை.

குளிக்க இறங்கி வழுக்கிவிட்டான் என்று சொன்னேன். ஊர் நம்பியது. அவன் மனைவி வீரம்மாள் என் காலடியில் விழுந்து, “சாவுற அன்னிக்குக் காலையிலகூட உங்க பேச்சுதாங்க” என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

அகப்பட்டது மையினால். பேனா மை தண்ணீரில் கரைந்துவிட்டது. பத்துப் பெயரும் நீலச் சேறாகிப் பந்து முழுக்க ஓடியிருந்தன. என் பெயரும் போயிற்று. சாவுக்குக் கூடிய ஊர் நடுவில் மறுபடி மை ஏற்ற நேரமில்லை, துணியில் சுற்றி அப்படியே பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் பெட்டியைத் திறந்த தங்கசாமி பந்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். வெறும் தோலில் ஒரே ஒரு கட்டைவிரல் ரேகை, நேற்று வைத்தது போலக் கோடு கோடாக நின்றது. எண்ணெய் மை, லேசில் போகாது. தங்கசாமி சொல்லியனுப்பி வந்த இன்ஸ்பெக்டர், அங்கமுத்துவின் பட்டாளத்துப் பழைய காகிதத்தில் இருந்த ரேகையோடு அதை ஒத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: பந்து கிணற்றுக்குள் போயிருக்கிறது, மேலே வந்திருக்கிறது, கூடப் போனவன் ஏன் வரவில்லை?

எல்லாம் சொல்லிவிட்டேன். அங்கமுத்து என் கையால் செத்தான் என்று எழுத வேண்டுமானால் எழுதுகிறேன், எழுதிவிட்டேன், பாருங்கள். ஆனால் நானாக எதுவும் செய்யவில்லை என்பதும் இதில் இருக்கிறது. பந்து தானாக உருண்டது, அவன் தானாக இறங்கினான், பந்தை முதலில் ஏற்றச் சொன்னதும் அவன்தான். நடந்ததைத் தாளில் இறக்கினது மட்டும்தான் நான்.

அடித்தல் திருத்தல் இல்லை என்று படித்துப் பார்த்துக்கொண்டேன். எழுதிக் கொடுத்தவன் என்ற இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். பிற்பாடு யாரும் வந்து அதில் எந்தப் பெயரையும் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியவன்,
நல்லுசாமி