நாற்காலி கேட்ட குமாஸ்தா

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் குமாஸ்தாக்கள் சங்கத் தலைவர் அண்ணன் பொன்னுராஜ் அவர்களே! கணவர் அய்யாத்துரை அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் உட்கார இடம் கிடைத்ததா என்று இந்த நேரத்திலும் பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா சுருளியம்மாள் அவர்களே! கறுப்புக் கோட்டோடு வந்திருக்கும் சிலரே! வாசலிலேயே கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கும் பலரே! ஏன் கழற்றினீர்கள்? குமாஸ்தாவின் இரங்கல் கூட்டத்தில் கோட்டோடு நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்றா? சரி, உங்களுக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜக்கம்மா. வழக்கறிஞர். "கொஞ்சம் சாந்தமா பேசும்மா" என்று சொல்லித்தான் பொன்னுராஜ் அண்ணன் மைக்கைக் கொடுத்தார். முடியாது அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாம் எதற்காக இந்தத் தகரக் கொட்டகைக்குள் வேர்த்து வடிந்துகொண்டிருக்கிறோம்? எதிரே வழக்கறிஞர் சங்கத்துக்கு ஹால் இருக்கிறது. அதில் ஆறு மின்விசிறி சுற்றுகிறது. நேற்று நானே போய்ச் சாவி கேட்டேன். "குமாஸ்தாவுக்கு ஹால்ல கூட்டம் போடுற வழக்கம் இல்லையேம்மா" என்றார்கள். வழக்கமாம்! இன்று அந்த ஹாலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உள்ளே விட்டவர் குமாஸ்தா அய்யாத்துரை! அது மட்டும் எந்த வழக்கத்தில் சேர்த்தி?

வக்கீல் அல்லாதவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். சட்டம் படித்தவர் சென்னைக்குப் போய்ப் பதிவு செய்து கோட்டு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் தொழில் பழக ஒரு சீனியர் வேண்டும், அவர் ஆபீசில் ஒரு இடம் வேண்டும். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அப்பா ஆபீஸ் இருக்கிறது, மாமா ஆபீஸ் இருக்கிறது. காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர் மகளுக்கு என்ன இருக்கிறது? கல்லூரி பட்டத்தைக் கொடுக்கிறது. அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று யார் சொல்வது? தட்டினாலும், சீனியர் கேட்கும் முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியா? "யாரு மக நீ?" அதுதானே முதல் கேள்வி!

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் அய்யாத்துரை அண்ணன் சனிக்கிழமைதோறும் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். பதிவுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், நீதிபதித் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம் வரும், எந்த சீனியரிடம் சிவில் கற்கலாம், எந்த சீனியர் ஐந்து வருஷமானாலும் ஜூனியரை வாய் திறக்க விடமாட்டார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. என்னிடம் அவர் முதலில் சொன்னது இதுதான்: "ஆபீசுக்கு வரச் சொன்னா போ தாயி. வீட்டுக்கு வரச் சொன்னா போகாத. வீட்டுக்குப் போனா அவுக பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விடுற வேலைதான் கிடைக்கும்."

பதிமூன்று வருஷத்தில் முப்பத்தேழு பேரை ஆபீஸ்களில் சேர்த்துவிட்டார். இன்று இங்கே வந்திருப்பவர்கள் பதினொரு பேர். மற்ற இருபத்தாறு பேர் எங்கே? ஞாயிற்றுக்கிழமை கூடவா வாய்தா?

அந்தப் பதிமூன்று வருஷத்தின் தொடக்கத்தில், 1998இல், எனக்காக ஒரு சீனியரிடம் போனார். அந்த சீனியர் இங்கேதான் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். "இடம் இருக்கு அய்யாத்துரை. உக்கார நாற்காலிதான் இல்ல" என்றார் அவர். முடியாது என்பதை நம் ஆட்கள் மரியாதையாகச் சொல்லும் விதம் அது. வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அய்யாத்துரை அண்ணன் சைக்கிள் கேரியரில் ஒரு இரும்பு மடக்கு நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். விரித்துப் போட்டார். "ஐயா, நாற்காலி வந்துருச்சு" என்றார். ஒரு குமாஸ்தாவுக்கு எவ்வளவு தைரியம்! சீனியர் என்ன சொல்வார்? நான் உட்கார்ந்தேன்.

அது எங்கிருந்து வந்தது என்று முந்தாநாள்தான் எனக்குத் தெரிந்தது. அக்கா சொன்னார்: "வீட்டுல இருந்ததே அது ஒண்ணுதான். விருந்தாளி வந்தா போடுறது. கேக்காமக் கொள்ளாம கட்டித் தூக்கிட்டுப் போயிட்டாக."

அன்றிலிருந்து என்னைத் 'தாயி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'மேடம்' என்றார். வேண்டாம் அண்ணே என்று சண்டை போட்டேன். "கோட்டு போட்டவுகள நானே மேடம்னு சொல்லலைன்னா, கேஸ் கொண்டு வர்ற கட்சிக்காரன் எப்படிச் சொல்லுவான்?" என்றார்.

இதுவரை மற்றவர்களைத் திட்டினேன், கைதட்டினீர்கள். இனிமேல் தட்டாதீர்கள்.

போன ஆகஸ்டில் அவர் என் ஆபீஸுக்கு வந்தார். கூடவே ஒரு பெண். பெயர் அபிதா. காமயகவுண்டன்பட்டி என்று சொன்னேனே, அந்தத் தோட்டக் கூலிக்காரர் மகள் இவள்தான். "மேடம், இந்தப் பிள்ளைக்கு ஒரு இடம்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவரால் ஆளான இந்த ஜக்கம்மா என்ன சொன்னேன்? "எங்கண்ணே இடம்? நீங்களே பாருங்க" என்று கையை விரித்துக் காட்டினேன்.

அவரும் பார்த்தார். என் கை காட்டிய இடத்தில் அந்த இரும்பு நாற்காலி இருந்தது. தனியாக ஆபீஸ் போட்டபோது என் கூடவே நான் கொண்டுவந்து வைத்திருந்த அதே நாற்காலி. அதன்மேல் இடுப்பு உயரத்துக்குக் கேஸ் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "கட்டு நெறைய சேந்துருச்சு மேடம், சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா அண்ணே?

அப்புறம் எட்டு ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கிறார். எட்டிலும் இடம் இல்லை! பத்தாவதாகப் பெரியகுளத்தில் ஒருவரைப் பார்க்கப் புறப்பட்டவர், தேனி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தது அபிதாவின் பயோடேட்டா. அதில் இருந்த நம்பருக்குத்தான் போலீஸ்காரர் போன் போட்டிருக்கிறார். அக்காவுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவள் அபிதா. "இவர் உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டிருக்கிறார்கள். "எனக்கு வேலை தேடிக்கிட்டு இருந்தாக" என்றாளாம்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிவிட்டார். அறுபத்தோரு வயது மனிதரை ஒன்பது படிக்கட்டு ஏறி இறங்க வைத்தது யார் என்று அவர் எழுதவில்லை. முதல் படிக்கட்டு என்னுடையது. இதை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆகவே அய்யாத்துரை அண்ணன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை புளியமரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன், ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்திருப்பேன். அங்கே யாரும் யாரையும் 'யாரு மக' என்று கேட்க மாட்டார்கள். இங்கே வந்திருக்கும் பதினொரு பேரும் ஆளுக்கொரு வாரம் கூட இருங்கள். வராதவர்களின் ஆபீஸ் படிகளில் நானே ஏறுவேன். இடம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள்!

மேடை ஓரத்தில் இருக்கும் நாற்காலி எதற்கு என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அவர் படத்தை அதில் வைத்து மாலை போடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. அவர் அதைக் கொண்டுவந்தது ஆள் உட்கார. கட்டுகளையெல்லாம் இறக்கித் தரையில் வைத்துவிட்டு, துடைத்து எடுத்து வந்திருக்கிறேன்.

அபிதா, அங்கே தூணுக்குப் பின்னால் நிற்காதே. முன்னால் வா. நாளைக்குத் திங்கட்கிழமை, பத்தரைக்கு கோர்ட்டு. நீ என்னோடு வருகிறாய். அவர் கேட்டது ஒரே ஒரு நாற்காலி. அதை நான் கொடுக்க அவர் செத்துப்போக வேண்டியிருந்தது.

கையில் வைத்திருக்கிறாயே, அந்தக் கோட்டைப் போடு.

வாங்க மேடம். உட்காருங்க.