ஆற்றோடு போனவள்

தையல்காரி: முதல்ல அந்தப் பெட்டியைத் தள்ளி வை. கத்திரிக்கோல் வைக்க இடமில்லாம...

வந்தவள்: சின்ன ரெக்கார்டர்தான்க்கா. பக்கத்துல இருந்தாத்தான் நீங்க பேசுறது பதிவாகும்.

தையல்காரி: நான் பேசுறேன்னு யார் சொன்னா?

தலைவி: விடுடி. வந்த பொண்ணை வாசல்லயே கடிக்காதே. நீ கேளும்மா. சங்கத்தை எப்படி ஆரம்பிச்சோம், இந்தத் தையல் கூடத்தை எப்படிப் பிடிச்சோம்...

வந்தவள்: அதெல்லாம் நேத்தே சொல்லிட்டீங்க.

தலைவி: அப்போ சாராயக் கடையை மூடின கதை?

வந்தவள்: அதையும். ரெண்டு தடவை.

தையல்காரி: ரெண்டாவது தடவையில கடைக்காரனுக்கு விழுந்த அடி கூடிப்போச்சு.

தலைவி: நீ வாயை மூடிக்கிட்டுத் தை!

வந்தவள்: எனக்கு... ஆத்தோட போன பொண்ணைப் பத்திக் கேக்கணும்.

தலைவி: ...எந்தப் பொண்ணு?

வந்தவள்: ஆத்துக்கு மேல, கடைசி ஊர்ல நீங்கதானே சங்கம் ஆரம்பிச்சுக் கொடுத்தீங்க? போன வாரம் அங்க பதிவு பண்ணினேன். முதல்ல சேந்தது யாருன்னு கேட்டேன். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்களே தவிர, ஒரு வார்த்தை வரல. ஒரு பாட்டியம்மா மட்டும், அவ ஆத்தோட போயிட்டா, செருப்புதான் மிச்சம்னு சொல்லி, உங்களைக் கேக்கச் சொன்னாங்க.

தலைவி: பாவம்... துணி துவைக்கப் போனா. வழுக்கிடுச்சு. நல்ல வெள்ளம். அவ்வளவுதான்.

வந்தவள்: செருப்பு ரெண்டும் கரையில ஜோடியா இருந்துச்சாமே? வழுக்கி விழுறவ செருப்பைக் கழட்டி ஜோடியா வைப்பாளா?

தையல்காரி: வைப்பா. ஒழுங்கா வளந்தவளா இருந்தா.

வந்தவள்: உடம்பும் கிடைக்கல...

தையல்காரி: ஆத்தைப் போய்க் கேளு! ஏய், உன்னை அவன்தானே அனுப்பினான்?

வந்தவள்: எவன்க்கா?

தலைவி: அந்தப் பொண்ணோட புருஷனைச் சொல்றா. அவன் ஆளுங்க முன்னாடியே இங்க வந்திருக்காங்க. ஒருத்தன் அடுப்பு ரிப்பேர் பண்றேன்னு வந்தான்...

தையல்காரி: அடுப்பைத் தவிர மத்ததெல்லாம் பாத்தான். கட்டிலுக்கு அடியில கூட. இப்போ நாக்குல தேனைத் தடவி இவளை அனுப்பியிருக்கான்.

வந்தவள்: சத்தியமா எனக்கு அந்த ஆளைத் தெரியாது. நீங்க இதை மட்டும் சொல்லுங்க. அவ எந்த வழியா போனா? யாரு வண்டி கொடுத்தா? முதல் ராத்திரி எங்க தங்கினா?

தலைவி: செத்தவளுக்கு எதுக்கும்மா வண்டி?

தையல்காரி: கேட்டியாக்கா? கதை கேக்க வந்தவ ஏன் போனான்னு கேப்பா. இவ எப்படிப் போனான்னே துருவுறா. ஆமா... வெளியில கார்ல ஒருத்தன் உக்காந்திருக்கானே, யாரு அது? நேத்தும் இறங்கல. வச்ச கண்ணு வாங்காம இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டு...

வந்தவள்: என் வீட்டுக்காரர்.

தலைவி: அடடா, உள்ள வரச் சொல்லு. வெயில்ல எதுக்கு...

வந்தவள்: வேணாம்க்கா! வேணாம்... அவருக்கு அங்கதான் வசதி.

தையல்காரி: அக்கா, இங்க பாரு. இந்தப் பெட்டியில விளக்கு எரியல! நேத்து சிவப்பா எரிஞ்சுது. என்னடி பதிவு பண்ற நீ? யாரை ஏமாத்துற?

வந்தவள்: மெதுவாக்கா... அந்தப் பொண்ணைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடியே அணைச்சிட்டேன்.

தலைவி: ஏன்?

வந்தவள்: வீட்டுக்குப் போனதும் அவர் எல்லாத்தையும் கேப்பார். நான் யார்கிட்ட சிரிச்சேன், எதுக்குச் சிரிச்சேன்... நடுவுல நின்னிருந்தா ஏன் நின்னுச்சுன்னு கேப்பார்.

தலைவி: கேட்டா?

வந்தவள்: பேட்டரி போயிடுச்சுன்னு சொல்லுவேன். நேத்தும் கடைசியில அணைச்சுட்டு அதான் சொன்னேன்.

தையல்காரி: நம்பினானா?

வந்தவள்: நேத்து ராத்திரி... அதை விடுங்கக்கா.

தலைவி: இந்தப் புழுக்கத்துல கழுத்தைச் சுத்தி எதுக்கும்மா துப்பட்டா? எடு... நான்தான் இருக்கேனே, எடு. அய்யோ! விரல் விரலா பதிஞ்சிருக்கே!

வந்தவள்: சத்தம் போடாதீங்கக்கா. அவருக்குக் கேக்கும்.

தலைவி: ஏன்டி, நீ எதுக்கு மிஷினை நிறுத்திட்ட?

தையல்காரி: அக்கா, நீ இங்க வந்து உக்காரு. என் மிஷினை ஓட்டு. மிஷின் சத்தம் நிக்கக் கூடாது, அவன் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும்.

தலைவி: யோசிச்சுத்தான் சொல்றியா? இவளை நம்பலாமா?

தையல்காரி: கழுத்து பொய் சொல்லாதுக்கா.

தலைவி: சரி, போங்க. அவன் உள்ள வந்தா நான் பாத்துக்கிறேன். பொய் சொல்றது எனக்கு ஒண்ணும் புதுசில்ல.

வந்தவள்: எங்க போறோம்க்கா? உங்களுக்கு... உங்களுக்கு வழி தெரியுமா?

தையல்காரி: ஆத்தோட போனவ நான்தான்டி. அன்னிக்கு எனக்கு முன்னால அக்கா நடந்தாங்க. பின்கதவு கொஞ்சம் தாழ்வு, குனிஞ்சு வா.